பொன்னுருக்குக்கு முன் ஒரு சொல்

தம்பி,

நீ இதை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனபோது, இதெல்லாம் எனக்கு எதற்கு என்று வழி நெடுகப் பிரெஞ்சில் புறுபுறுத்துக்கொண்டே வருவாய். இதற்குத்தான். மெல்ல வாசி, ஆனால் நடுவில் மடித்து வைத்துவிடாதே. என் அழைப்பு ஒன்றையும் நீ எடுக்கவில்லை. நேற்று லெ பிளாங்-மெனிலில் நீ எடுத்திருக்கும் அறைக்கு வந்து உன் கதவைத் தட்டினேன். உள்ளே தொலைக்காட்சி பேசிக்கொண்டிருந்தது, நீ பேசவில்லை. பக்கத்து வீட்டு மனுசி எட்டிப் பார்த்து என்னை ஏற இறங்க அளந்தாள். பெற்ற பிள்ளையின் வாசலில், விளம்பரத் தாள் போட வந்தவளைப் போல நின்றுவிட்டு பஸ் ஏறி வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதைக் கதவுக்குக் கீழே தள்ளிவிடலாம். அதை மிதித்துக்கொண்டாவது நீ வெளியே போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுருக்கு. அதை நீ கட்டப்போகிற ஆரணிக்கு விளங்கப்படுத்தியதைக் கேட்டு நான் சிரித்தது நினைவிருக்கிறது. "தங்கத்தைச் சமைக்கிறது" என்றாய். சரி, சமையல்தான். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் தங்கக்காசைத் தட்டார் வீட்டுக்கே வந்து எல்லோருக்கும் முன்னால் உருக்குவார், அதில்தான் தாலி. கீழ்மாடிக் கல்யாணத்தில் அவர் நெருப்பை ஊத ஊதப் புகை மணி அலறி, தீயணைப்புக்காரர் வந்து நின்றார்களே, அந்தச் சடங்குதான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு கட்டுப்பாடு இருக்கிறது, அதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பொன் உருகினால் கல்யாண நாள் வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. அதைவிடப் பெரிது, அந்தக் கல்யாணத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு கேள்வியும் எழுப்பக்கூடாது. எழுப்பினால் அபசகுனம் என்று எங்கள் சனம் அடிக்க வரும். எனக்கு ஞாயிறு காலை வரைக்கும்தான் வாய் இருக்கிறது.

போன கிழமை சாப்பாட்டு மேசையில் நான் கேட்டது ஒரேயொரு கேள்வி. "தம்பி, ஆரணி இரத்தம் சோதிச்சுப் பாத்தவளோ? உன்னட்டை இருக்கிறது அவளட்டையும் இருக்கோ எண்டு ஒருக்கா கேட்டுப் பாரன்." நீ கரண்டியை வைத்தாய். நீ சொன்னது பிரெஞ்சில், நான் தமிழில் எழுதுகிறேன், மொழிபெயர்ப்பு என் தொழில்தானே: "அவள் பழைய கார் இல்லை அம்மா, வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து பார்க்க. ஊரில் பெண் பார்க்கப் போய்ப் பல்லை எண்ணினார்கள், நிறத்தைப் பார்த்தார்கள், இப்போது நீங்கள் இரத்தத்தைப் பார்க்கிறீர்கள். என்ன வித்தியாசம்?" பிறகு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாய். மீன் குழம்பு அப்படியே இருந்தது. அப்பா உன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. என்னையும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். உன் அப்பாவின் மூத்த அக்கா என் கையில் ஊசியையும் நூலையும் தந்து கோர்க்கச் சொன்னா, கண் பார்வை சரியோ என்று அறிய. கோர்த்துக் கொடுத்துவிட்டு, "நீங்களும் ஒருக்காக் கோர்த்துக் காட்டுங்கோ மச்சாள்" என்றேன். அந்த மனுசி சாகும்வரைக்கும் என்னோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆகையால் பெண்ணைச் சோதிப்பது என்றால் என்னவென்று எனக்குப் பாடம் எடுக்காதே. அவர்கள் சோதித்தது வேண்டாம் என்று சொல்வதற்கு. நான் கேட்பது அதற்கில்லை. ஆரணி என் அண்ணன் பெற்ற பிள்ளை, நான் தூக்கி வைத்திருந்த பிள்ளை. கோடை விடுமுறையில் நீங்கள் இருவரும் வராந்தாவில் அடிபட்டுக்கொண்டு திரிந்த காலத்திலேயே எனக்குள் ஒரு ஆசை இருந்தது. நீங்களாக வந்து சொன்ன அன்று நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன், சந்தோசத்தில். இந்தக் கல்யாணம் நிற்கவேண்டும் என்று நான் நினைத்தால் என் நாக்கு அழுகட்டும்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். தலசெமி, ஆங்கிலத்தில் தலசீமியா. நீ வயிற்றில் இருந்தபோது இங்கே ஆஸ்பத்திரியில் என் இரத்தத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னார்கள். எனக்கு அதில் பாதிதான், பாதி இருந்தால் அது வருத்தமே இல்லை, கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான் என்றார்கள். உன் அப்பாவைச் சோதித்தார்கள், அவருக்கு இல்லை. நீ பிறந்த பிறகு உன்னைச் சோதித்தார்கள், உனக்கு என்னைப் போலவே பாதி. உனக்கே இது தெரியும். பிறகு நான் இந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தேன். பிரெஞ்சு தெரியாத எங்கள் சனத்தோடு டொக்டரிடம் போய் இருந்து, அவர் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவருக்கும் சொல்கிற வேலை. அந்தச் சொல்லை எத்தனையோ புருசன் பெண்சாதிக்கு நான் தமிழில் சொல்லியிருக்கிறேன். தமிழில் அதற்குச் சனத்தின் வாயில் ஒரு பெயரும் இல்லை, அதனால் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். "ஒவ்வொரு ஆளட்டையும் வீட்டுத் திறப்பு ரண்டு இருக்கு. ஒண்டு வளைஞ்சு போனாலும் மற்றதாலை கதவைத் திறக்கலாம். பிள்ளைக்குத் தாய் ஒண்டும் தேப்பன் ஒண்டும் குடுப்பினம். ரண்டு பேரும் வளைஞ்சதையே குடுத்தால் பிள்ளை வெளியிலைதான் நிக்கும்." டொக்டரே அதைப் பிரெஞ்சில் கேட்டுவிட்டுத் தானும் சொல்லத் தொடங்கினார். எனக்குப் பெரிய பெருமை. பிறத்தியாருக்குச் சொல்வது எவ்வளவு சுகம் பார்.

ஒருமுறை காத்திருந்த நேரத்தில் அந்த டொக்டரிடம், இது என்ன மொழிச் சொல் என்று கேட்டேன். கிரேக்கம் என்றார். தலசா என்றால் கடல், மற்றப் பாதி இரத்தம். மத்தியதரைக் கடற்கரைக் குடும்பங்களின் பிள்ளைகளில்தான் வெள்ளைக்கார வைத்தியர்கள் முதலில் இந்த வருத்தத்தைக் கவனித்தார்களாம், அதனால் கடலின் பெயர். வேடிக்கை என்னவென்றால் இந்தப் பெயரைக் கட்டியது கிரேக்கர் இல்லை. அமெரிக்காவில் இருந்த வைத்தியர்கள் பழைய கிரேக்கத்தில் இரண்டு சொல்லை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து அது ஆங்கிலத்தில் ஏறி, பிரெஞ்சுக்கு வந்து, ஜெர்மனுக்குப் போய், இத்தாலிக்குப் போய், நோர்வே வரைக்கும் போயிருக்கிறது. போன இடத்திலெல்லாம் தலையை அப்படியே வைத்துக்கொண்டு வாலை மட்டும் அந்தந்த ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருக்கிறது. கடைசியில் கிரேக்க வைத்தியர்களுக்கே அது வெளிநாட்டுச் சாமானாகத் திரும்பி வந்திருக்கிறது. நான் நினைத்தேன், இதுக்கு ஒரு எல்லையிலும் ஒருவனும் பத்திரம் கேட்கவில்லை, நாங்கள் லொறிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தோம். பிறகு கேட்டேன், "அந்தக் கடற்கரை எங்கே, யாழ்ப்பாணம் எங்கே? எங்கள் ஆட்களுக்கு எப்படி வந்தது?" மலேரியா நெடுங்காலம் இருந்த ஊர்களிலெல்லாம் இது இருக்கிறது, முதலில் கண்ட இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான் என்றார். அந்தப் பெயர் எங்கள் குடும்பத்தில் என்ன வேலை பார்க்கப்போகிறது என்று அன்று எனக்குத் தெரியாது.

நோர்வேயிலிருந்து உன் சின்னம்மா ஒரு மாதத்துக்கு முன் தொலைபேசி எடுத்தாள். மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, சோதித்திருக்கிறார்கள். "அக்கா, இஞ்சை டொக்டர் தலசெமி எண்டு ஏதோ சொல்லுறான். எனக்கும் முந்தி சொன்னவங்கள், நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இந்தக் குளிருக்கு வாற வருத்தம் போலை. நோர்வேயிலைதான் இருக்காம்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "எடி விசரி, அது நோர்வேச் சொல்லில்லை. எனக்கும் அதுதான். நான் பிரெஞ்சுக்காரன்ரை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றேன். நான் இங்கே, அவள் அங்கே, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே சொல்லை ஆளுக்கொரு நாட்டில் வாங்கி ஆளுக்கொரு பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்திருக்கிறோம். ஏன் பூட்டினோம் என்று உனக்கு விளங்காது. எங்கள் சனத்தில் ஒரு வீட்டில் இரத்த வருத்தம் என்று ஒரு கதை கிளம்பினால் அந்த வீட்டுப் பெட்டையளுக்கு மாப்பிள்ளை வராது. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் காலையில் மரக்கறிக் கடையில் சொன்னது மத்தியானத்துக்குள் செவ்ரானுக்குப் போய்விடும், பின்னேரம் லண்டனிலிருந்து விசாரிப்பார்கள். அதனால் வாயைத் திறக்கவே கூடாது என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும்.

அன்று சின்னம்மாவோடு கதைத்து முடித்துவிட்டுத் தேநீர் வைத்தேன். ஊற்றும்போது கை நின்றுவிட்டது. என்னிடமும் இருக்கிறது, அவளிடமும் இருக்கிறது என்றால், எங்களுக்கு மூத்தவர், உன் மாமா, ஆரணியின் அப்பா? அப்போதுதான் நினைவு வந்தது. நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது இங்கே ஒரு கல்யாண வீட்டில் உன் மாமி போகிற போக்கில் சொன்னா, "இவருக்கு இரத்தம் குறைவெண்டு இரும்புக் குளிசை குடுத்தவங்கள். பிறகு வேறை டொக்டர் வந்து, உமக்கு இது தேவையில்லை, உம்மடை இரத்தமே இப்பிடித்தான் எண்டு நிப்பாட்டிப்போட்டான்." அப்போது நான் பந்தியில் வடை எடுத்துக்கொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை. இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்த எனக்கு அந்த வசனத்தின் பொருள் இப்போது தலையில் அடித்ததுபோல விளங்கியது. அண்ணனிடம் இருந்தால் ஆரணியிடம் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. உன்னிடம் இருப்பது நிச்சயம். இருவரிடமும் இருந்தால் உங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு திறப்பும் வளைந்ததாக வந்துசேர நாலில் ஒரு வாய்ப்பு.

ஜெர்மனில் இருக்கிற அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்லபடியாகத்தான் தொடங்கினேன். மண்டபம், சாப்பாடு, ஆரணியின் கூறைச்சேலை எல்லாம் கதைத்துவிட்டு மெல்லக் கேட்டேன். "அண்ணை, அந்த நாளிலை உங்களுக்குக் குளிசையை நிப்பாட்டின டொக்டர் ஏதும் பேர் சொன்னவரோ?"

"எனக்கு ஞாபகமில்லை."

"தலசெமி எண்டு சொன்னவரோ?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தம்பி, எனக்கு மனிதர் பேசாமல் இருப்பதை மொழிபெயர்க்கத் தெரியும், அதற்கும் சேர்த்துத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். பிறகு அண்ணை சொன்னார், "அது வெள்ளைக்காரன்ரை வருத்தம். பேரைப் பார். எங்கடை ஆக்களுக்கு இருந்திருந்தால் தமிழிலை ஒரு பேர் இருந்திருக்குமெல்லே? இந்த நாட்டுத் தண்ணி, இந்த நாட்டுச் சாப்பாடு, அதாலை வாறது."

"பேர் இல்லாட்டி வருத்தமும் இல்லையோ அண்ணை? எங்கடை ஊரிலை நாலு வயசு அஞ்சு வயசிலை வெளிறி வெளிறிச் செத்த பிள்ளையளுக்கு என்ன பேர் வைச்சவை?"

"நீ என்ன, பெரிய டொக்டரோ? ஆஸ்பத்திரியிலை நாலு சொல்லு மாத்திச் சொன்னாப்போலை? என்ரை பெட்டையிலை குறை சொல்லுறியோ? விருப்பமில்லாட்டி நேரை சொல்லு, மண்டபக்காரனுக்கு இப்பவே போன் அடிக்கிறன்."

அந்த இடத்தில் நான் பொறுத்திருக்கவேண்டும். என் வாய் என்றைக்குப் பொறுத்தது? "உங்கடை மானத்தை வைச்சுப் பேரப்பிள்ளைக்கு இரத்தம் ஏத்தேலாது அண்ணை!" என்று கத்திவிட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. ஆரணி மட்டும் வழக்கம்போல, "மாமி, மருதாணிக்கு ஆரைப் பிடிச்சிருக்கிறியள்?" என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிச் செய்தி அனுப்புகிறாள். அவளிடம் நேரே கேட்க எனக்கு விரல் துடிக்கிறது. எழுதுவேன், அழிப்பேன். நான் கேட்டால் அது மாமியார் கேட்ட கேள்வியாகிவிடும். வாழ்நாள் முழுக்க அவள் அதை மறக்கமாட்டாள், நான் ஊசியையும் நூலையும் மறக்காததுபோல. கேட்கக்கூடிய ஒரே ஆள் நீ. நீதான் கதவைத் திறக்கிறாய் இல்லை.

நான் வீணாகப் பயப்படுகிறேன் என்று நினைப்பாய். என் வேலையில் கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது, ஆகையால் பெயரில்லாமல், ஊரில்லாமல் ஒன்று சொல்கிறேன். வன்னியிலிருந்து வந்த ஒரு பெண். புருசன் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். அவர்களும் மச்சானும் மச்சாளும். மகள் மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து காலையிலிருந்து பின்னேரம் வரை இரத்தம் ஏற்றிக்கொண்டு போகிறாள். ஏற்றும் இரத்தத்தால் உடம்பில் இரும்பு சேரும், அதை எடுக்க நாள் தவறாமல் மருந்து. பிள்ளை கெட்டிக்காரி. சிரிப்பாள், தாதிமாரோடு சண்டை பிடிப்பாள், எனக்குப் பிரெஞ்சில் பிழை திருத்துவாள். இந்த நாட்டில் பிறந்தபடியால் வளருவாள், படிப்பாள், பெரியவளாவாள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஊசி குத்தும் இடம் கிடைக்காமல் தேடும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள் பார், அந்த நேரத்தில் அவளுடைய தாய் என் கையைப் பிடிப்பாள். என் விரலில் அவளுடைய நகம் பதிந்திருக்கும். கல்யாண வீடுகளுக்கு வந்தால் பிள்ளைக்கு நீளக்கைச் சட்டை. ஏன் என்று நான் கேட்டதில்லை, எனக்குத் தெரியும்.

ஒருநாள் அந்தப் பெண் டொக்டரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் தமிழில் சொன்னாள், "பத்துப் பொருத்தமும் பாத்துத்தானே அக்கா செய்து வைச்சவை." நான் பிரெஞ்சில் சொன்னேன். "முதலே தெரிஞ்சிருந்தால் என்ன செய்திருக்கலாம் எண்டு கேளுங்கோ" என்றாள். கேட்டேன். முதலே தெரிந்திருந்தால் பிள்ளை உண்டாக முன்னமே வந்து கதைத்திருக்கலாம், உண்டான தொடக்கத்திலேயே சோதித்திருக்கலாம், வேறு வழிகளும் இருக்கின்றன, எதை எடுப்பது என்பது உங்கள் இருவரின் முடிவு, ஆனால் முடிவு எடுக்க நேரம் இருந்திருக்கும் என்றார் டொக்டர். எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு கீழே பார்த்தபடி, "அப்ப ஆராவது சொல்லியிருக்கலாமே" என்றாள். டொக்டர் என்னைப் பார்த்தார், என்ன சொன்னாள் என்று. நான் மொழிபெயர்க்கவில்லை. என் தொழிலில் அது பிழை, ஒரு சொல்லையும் விடக்கூடாது. ஆனால் அது டொக்டருக்குச் சொன்ன வசனம் இல்லை. எனக்குச் சொன்ன வசனம் என்று இந்த ஒரு மாதமாகத்தான் விளங்குகிறது.

நாளைக்கு ஆரணி கையில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து என் முகத்தைப் பார்த்து, "மாமி, நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்டால் நான் எங்கே போவேன்? சேலைக் கடையில் எனக்கு முன்னால் சேலையை விரித்துப் போடுகிறார்கள், சிவப்பா பச்சையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. உன் அப்பா என்னைத் தேற்றுகிறார். "இஞ்சேரும், விடும். பெடியன்ரை சந்தோசத்தைக் குழப்பாதையும். கடவுள் பாத்துக்கொள்ளுவார்" என்கிறார். நான் சொன்னேன், "கடவுளுக்கு வேலை குடுக்க முதல் நாங்கள் டொக்டரட்டை ஒரு ரந்தேவு எடுத்துப் பாப்பம். ஒரு ஊசி, ஒரு சின்னப் போத்தல் இரத்தம், அவ்வளவுதானே." அவர் எழும்பிப் போய் வேட்டியை அயன் பண்ணத் தொடங்கினார். அவருக்கும் பயம்தான், அயன் பண்ணின வேட்டியையே திரும்பவும் விரித்து அயன் பண்ணினார்.

உனக்கும் பயம். இதை நான் நேரே சொல்கிறேன், கோபம் வந்தால் வரட்டும். பழைய கார் என்றதும், பல்லை எண்ணுவது என்றதும் எல்லாம் நல்ல வசனம், ஆனால் உன் கண் வேறு கதை சொன்னது. நீ சின்னப்பிள்ளையில் காய்ச்சல் என்றால் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்வாய், வெப்பமானியை வைக்காவிட்டால் காய்ச்சல் இல்லை என்று. இப்போது ஓர் அறை எடுத்து அதற்குள் ஒளிந்திருக்கிறாய். கேட்டால் அவள் ஓம் என்றுவிடுவாளோ, ஓம் என்றால் பிறகு என்ன செய்வது என்று உனக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது ராசா. நான் ஒரு வழியையும் கையில் வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிடவில்லை. ஓம் என்றாலும் நீ அவளைக் கட்டு. பிள்ளை வேண்டுமா, எப்படி வேண்டும், எப்போது வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் இருவரும் ஒரு டொக்டருக்கு முன்னால் இருந்து உங்கள் பாட்டில் முடிவெடுங்கள். அதில் நான் ஒரு சொல் சொல்லமாட்டேன், மொழிபெயர்க்கவும் வரமாட்டேன். தெரிந்துகொண்டு கட்டு என்றுதான் கெஞ்சுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கக்காசைக் காணவில்லை என்று அப்பா வீட்டைப் புரட்டுகிறார். அலுமாரி, சாமித் தட்டு, என் கைப்பை எல்லாம் தேடிவிட்டார். நான்தான் எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். வேலையில் நாள் முழுக்கச் சமைக்கிற மனிதன், வீட்டில் அரிசி வாளியை ஒருநாளும் திறந்ததில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. மகனின் தாலிக்கு வாங்கிய காசை ஒளித்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல அவரோடு சேர்ந்து சோபாவைத் தூக்கிப் பார்த்தேன். வேறு என்ன செய்ய? காசு இல்லாவிட்டால் தட்டார் எதை உருக்குவார்? ஆனால் அவர் தன்னிடம் இருந்தே ஒரு காசை எடுத்துத் தருவார், அப்பா கடன் சொல்லுவார், சடங்கு நடந்துவிடும். எனக்கு அதுவும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அரிசிக்குள் கையை விட்டுக் காசு இருக்கிறதா என்று அடிக்கடி தடவிப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆரணி ஜெர்மனிலிருந்து வந்து இறங்குகிறாள், செவ்ரானில் தன் பெரியம்மா வீட்டில் நிற்பாள். போய்ப் பார். அவளிடம் கேட்க உனக்கு வாய் வரவில்லை என்றால் கேட்காதே. இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் அவளுக்கு வாசித்துக் காட்டு. அவளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், எழுத்துத் தெரியாது. ஆகையால் நீதான் வாய்விட்டு வாசிக்கவேண்டும். நீ திக்கித் திக்கி வாசிப்பதைக் கேட்டு முதலில் சிரிப்பாள், சிரிக்கட்டும். என் கிறுக்குத்தனங்களையும் அவளுடைய அப்பாவின் கோபத்தையும் ஒளிக்காமல் வாசி. அந்தச் சொல் வருகிற இடத்தில் நிறுத்து. அதை நீ பிரெஞ்சில் சொன்னாலும் அவள் ஜெர்மனில் கேட்பாள், அதற்கு இடையில் என்னைப் போல ஒருத்தி தேவையில்லை. "எனக்கு இருக்கு" என்று உன்னுடையதை முதலில் சொல். பிறகு வாயை மூடிக்கொண்டு அவளைப் பார். இல்லை என்பாள், அல்லது தெரியாது என்பாள், அல்லது ஓம் என்பாள். ஓம் என்றால், அந்தப் பிள்ளையும் இவ்வளவு காலம் அதை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு தனியாகத்தான் இருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள். கையைப் பிடி. வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

பிறகு இருவரும் சேர்ந்து இங்கே வாருங்கள். எந்தப் பதிலோடு வந்தாலும் சரி. அரிசி வாளி குசினியில் யன்னலுக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் இருவரும் கையை விட்டு அந்தக் காசை எடுங்கள். அப்பாவிடம் நானே உண்மையைச் சொல்லி ஏச்சு வாங்குகிறேன். அண்ணைக்கு எடுத்து மன்னிப்புக் கேட்கிறேன், அவர் காலில் விழவேண்டும் என்றாலும் விழுகிறேன். தட்டார் வரட்டும், புகை மணி அலறட்டும், பொன் உருகட்டும். அதற்குப் பிறகு இந்தச் சொல் என் வாயில் வராது.

வராவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை தம்பி. ஞாயிறு காலை வரைக்கும் இந்த வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். நீ தட்டவே தேவையில்லை, படியில் உன் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே நான் திறப்பேன்.

அம்மா